பவளப்பாறை மீன் கணக்கெடுப்பு

பவளப்பாறை மீன் கணக்கெடுப்பு என்பது பவளப்பாறைகளின் மேல் நீந்தியபடி, அங்கு வாழும் மீனினங்களைக் கண்ணால் கண்டு இனங்கண்டு, அவற்றின் பெயர்களையும் ஏறத்தாழ எண்ணிக்கையையும் பதிவு செய்யும் முறையாகும். வலை, தூண்டில், நஞ்சு எதுவும் இதில் பயன்படுவதில்லை. மீன் பிடிக்கப்படுவதுமில்லை, தொடப்படுவதுமில்லை. நீர்மூழ்கு கலனுடன் ஆழத்தில் செய்யப்படும் கணக்கெடுப்பும் உண்டு. எனினும் முகமூடி, மூச்சுக்குழல், துடுப்புக் காலணி ஆகிய மூன்றை மட்டும் கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி செய்யப்படும் மூச்சுக்குழல் நீச்சல் (ஸ்நோர்கெலிங்) முறையே பொதுமக்கள் பெரும்பாலும் கைக்கொள்ளுவதாகும். பவளங்கள் வளர வெளிச்சம் தேவை என்பதால், பல பவளப்பாறைகளின் மேற்பகுதி ஓரிரு மீட்டர் ஆழத்திலேயே அமைந்துள்ளது. ஆகவே நீரின் மேலிருந்தே காணக்கூடிய இனங்கள் ஏராளம்.

வரலாறு

மீன்களை ஆய்வுக்கூடத்தில் கிடத்தி அறியும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தாலும், அவற்றை அவற்றின் இடத்திலேயே கண்டு எண்ணும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி 1927 இல் எயிட்டியில் தலைக்கவசம் அணிந்து கடலடியில் நடந்து மீன்களைக் கண்டு எழுதினார். 1954 இல் வெர்னன் பிராக் என்பவர், அவாய்த் தீவுகளில் குறிப்பிட்ட நீளமுள்ள கோட்டின் வழியே நீந்தி இருபுறமும் உள்ள மீன்களை எண்ணும் முறையை வெளியிட்டார். கோட்டுவழிக் கணக்கெடுப்பு எனப்படும் இம்முறை இன்றும் ஆய்வாளர்களிடையே வழக்கிலுள்ளது. 1986 இல் பான்சாக், பானெரோட் ஆகிய இருவர் வேறொரு முறையை முன்வைத்தனர். இதில் கணக்கெடுப்பவர் ஓரிடத்தில் நின்று, தன்னைச் சுற்றி 7.5 மீட்டர் ஆரமுள்ள கற்பனை உருளைக்குள் 5 நிமிடத்தில் தென்படும் இனங்களைப் பட்டியலிடுகிறார்.

இவை பயிற்சி பெற்ற ஆய்வாளருக்கானவை. பொதுமக்களுக்கான முறை அமெரிக்காவின் புளோரிடாவில் உருவானது. பவளப்பாறை மீன் வழிகாட்டி நூல்களை உருவாக்கிய பால் யூமன், நெட் டெலோச் ஆகியோர் 1990 இல் ரீஃப் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பை நிறுவினர். வட அமெரிக்காவில் 1900 ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் கிறித்துமசுப் பறவைக் கணக்கெடுப்பே இதற்கு முன்மாதிரியாக இருந்தது. இவ்வமைப்பின் தன்னார்வ மீன் கணக்கெடுப்பு 1993 இல் தொடங்கியது. அன்று முதல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகள் அதன் தரவுத்தளத்தில் சேர்ந்துள்ளன. இம்முறைக்கு 'அலைந்து காணும் முறை' எனப் பெயரிடலாம். கோடும் இல்லை, உருளையும் இல்லை. நீந்துபவர் தன் விருப்பப்படி அலைந்து, பொந்துகளையும் பாறை விளிம்புகளையும் தேடிப் பார்த்து, கண்ட இனங்கள் அனைத்தையும் குறித்துக்கொள்கிறார்.

கருவிகள்

நீருக்கடியில் எழுதுவதற்கு வெண்ணிற நெகிழிப் பலகையும் கரிக்கோலும் போதுமானவை. கரிக்கோல் நீரில் அழியாது. பலகை மணிக்கட்டில் கயிற்றால் கட்டப்படும். கரிக்கோலையும் பலகையோடு கட்டிவைக்காவிட்டால் அது மிதந்து போய்விடும் என்பது முதல் நாளிலேயே பலரும் கற்கும் பாடமாகும். நீர்புகாத தாளில் முன்கூட்டியே இனப்பெயர்களை அச்சிட்டு எடுத்துச் செல்வதும் உண்டு.

நீர்புகாத சிறு ஒளிப்படக் கருவிகள் மலிவானபின் பலர் எழுதுவதை விட்டுப் படமெடுப்பதை மட்டுமே நம்புகின்றனர். இது முழு நன்மையன்று. படம் சான்றாக நிலைக்கிறது, பிறரால் சரிபார்க்கப்படுகிறது. ஆனால் படமெடுப்பவரின் கவனம் அழகிய, மெதுவாக நகரும் மீன்கள்மீது குவிகிறது. மேலே விரைந்து கடக்கும் சாம்பல்நிற மீன்கள் பட்டியலிலிருந்து விடுபடுகின்றன. பலகையில் எழுதி, ஐயமுள்ளவற்றை மட்டும் படமெடுப்பதே சிறந்த வழக்கமாகக் கருதப்படுகிறது.

இனங்காணும் முறை

புதிதாகக் கற்போர் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கித் தவறுகின்றனர். முதலில் நோக்க வேண்டியது உடல்வடிவமும் நீந்தும் விதமுமே ஆகும். இவை இனத்தைக் காட்டாவிட்டாலும் குடும்பத்தைக் காட்டிவிடும். குடும்பம் தெரிந்தால், ஆயிரக்கணக்கான இனங்களுள் தேட வேண்டிய வேலை சில பத்துகளாகக் குறைகிறது.

கிளிமீன்களும் அவற்றின் உறவினரான ராசு மீன்களும் வாலை அசைக்காமல் மார்புத் துடுப்புகளைத் துடுப்புப் போடுவதுபோல் வலித்து நீந்துகின்றன. கிளிமீனின் பற்கள் ஒன்றிணைந்து அலகுபோல் இருக்கும். அது பவளத்தைச் சுரண்டும் ஒலி நீரில் மிதப்பவருக்குத் தெளிவாகவே கேட்கும். கிளாத்தி மீன்கள் முதுகுத் துடுப்பையும் அடித்துடுப்பையும் அலைபோல் அசைத்துச் செல்லும். தாடையின் கீழ் இரு மீசைகளால் மணலைக் கிளறுவது ஆட்டுமீன் குடும்பம். அறுவை மீன்களின் வால் அடியில் இருபுறமும் கத்திபோன்ற முள் உண்டு. வண்ணத்துப்பூச்சி மீன்களும் தேவதை மீன்களும் தட்டையான வட்ட உடலால் ஒன்றுபோல் தோன்றும். செவுள் மூடியின் கீழ்மூலையில் பின்னோக்கிய முள் இருந்தால் அது தேவதை மீனாகும். பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து மூடுவது அஞ்சாலை. வாயசைப்பு அச்சுறுத்தல் அன்று, அது மூச்சுவிடும் முறையே.

குடும்பத்துக்குள் இனத்தைப் பிரித்தறியப் பெரும்பாலும் ஒரேயோர் அடையாளம் போதும். அந்த ஓர் அடையாளம் எங்கிருக்கிறது என்பதை முன்பே அறிந்திருப்பதுதான் திறமை. இந்தியப் பெருங்கடலில் அடிக்கடி குழப்பத்தை ஏற்படுத்தும் இணை ஒன்று: மூரிய மீன் எனப்படும் சாங்கிளசு கார்னூட்டசும் கொடிமீன் எனப்படும் எனியோக்கசு அக்குமினேட்டசும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடும் முதுகில் நீண்ட வெண்ணிற இழையோடும் காணப்படுகின்றன. வாலைப் பார்த்தால் ஐயம் தீரும். கறுத்த வால் மூரிய மீனுக்கும், மஞ்சள் வால் கொடிமீனுக்கும் உரியன. பாறைமேல் கூட்டமாகத் திரியும் ஐந்து பட்டை மீன்களான அபுதெப்தப் பேரினத்திலும் இவ்வாறே. வாலின் இரு மடல்களிலும் கத்தரிக்கோல்போல் கருங்கோடு இருந்தால் அது செக்சுபாசியேட்டசு, இல்லையேல் பெரும்பாலும் வைகியென்சிசு. மஞ்சள் உடலில் நீலக்கோடுகள் கொண்ட லுட்சானசு மீன்களில் கோடுகள் நான்கா ஐந்தா என எண்ண வேண்டும். நான்கு எனில் காசுமிரா, ஐந்து எனில் குயின்குலினியேட்டசு ஆக இருக்கலாம்.

நிறமும் நீரும்

நீர் சிவப்பொளியை முதல் சில மீட்டர்களிலேயே பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. எனவே ஆழத்தில் சிவந்த மீன் சாம்பலாகவோ கருமையாகவோ தெரியும். இவ்வகையில் மேற்பரப்பில் மிதப்பவருக்கு ஆழத்தில் மூழ்குபவரைவிட வாய்ப்பு அதிகம். அவர் காணும் ஆழமற்ற பகுதியில் நிறங்கள் பெரிதும் உண்மையாகவே தெரிகின்றன. நீளத்தை மதிப்பிடுவதில்தான் ஏமாற்றம். முகமூடிக்குள் உள்ள காற்றுக்கும் வெளியே உள்ள நீருக்கும் இடையே ஒளி விலகுவதால், பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நான்கில் ஒரு பங்கு அருகிலும் தோன்றும். 40 சென்டிமீட்டர் எனத் தோன்றும் களவா உண்மையில் 30 சென்டிமீட்டரே. பலகையின் ஓரத்தில் அளவுகோல் வரைந்து, அதையும் நீருக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இப்பிழையைத் தவிர்க்கின்றனர்.

வளர்ச்சியும் பால் மாற்றமும்

இனங்காணலில் மிகவும் கடினமானதும் அதேவேளை மிகவும் சுவையானதும் இதுவே. பவளப்பாறை மீன்கள் பல தம் வாழ்நாளில் முற்றிலும் வேறு உருவம் கொள்கின்றன. பேரரசத் தேவதை மீனின் (போமகாந்தசு இம்பெரேட்டர்) குஞ்சு கருநீல உடலில் ஒன்றினுள் ஒன்றாக வெண்ணிற வளையங்கள் கொண்டது. வளர்ந்த மீனோ நீலமும் மஞ்சளுமான நெடுங்கோடுகளும் கண்மேல் கரும்பட்டையும் கொண்டது. இரண்டையும் ஒன்றாகக் கருத எவருக்கும் தோன்றாது. இக்குஞ்சு ஒரு காலத்தில் நிக்கோபார்த் தீவுகளின் பெயரால் தனி இனமாகவே அறிவியல் நூல்களில் விவரிக்கப்பட்டிருந்தது.

கிளிமீன்களிலும் ராசு மீன்களிலும் இதனோடு பால் மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. கரிபியனில் பரவலாக உள்ள சிபாரிசோமா விரிடி என்னும் கிளிமீன் முதல் நிலையில் பழுப்பு நிறமும் சிவந்த வயிறும் கொண்டது. இந்நிலையிலுள்ள பெண்மீன் பின்னர் ஆணாக மாறும்போது உடல் பச்சையாகி, வால் அடியில் மஞ்சள் புள்ளி தோன்றுகிறது. இவ்விரு நிலைகளும் முன்னர் இரு இனங்களாக எண்ணப்பட்டன. அதே கடலின் நீலத்தலை ராசு மீனில் குஞ்சுகளும் பெண்மீன்களும் மஞ்சளாக இருக்க, முதிர்ந்த ஆணுக்கு மட்டுமே தலை நீலமாகிறது. நூறு மஞ்சள் மீன்களையும் நாலைந்து நீலத்தலை மீன்களையும் காண்பவர், ஒன்று பெருகிய இனம், மற்றொன்று அரிய இனம் எனப் பிழையாக எழுதிவிடக்கூடும். உண்மையில் அது ஒரே இனத்தின் குடும்ப அமைப்பாகும். இக்காரணத்தால் நல்ல வழிகாட்டி நூல்கள் ஓர் இனத்துக்கு மூன்று நான்கு படங்களைத் தருகின்றன.

போலிகள்

லாப்ராய்டெசு டிமிடியேட்டசு என்னும் தூய்மைசெய் மீன், பிற மீன்களின் உடலிலும் வாயிலும் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நீலமும் கறுப்புமான அதன் கோட்டையும் குதித்துக் குதித்து ஆடும் நடையையும் அப்படியே பின்பற்றும் அசுபிடான்டசு தீனியேட்டசு என்னும் போலி மீன், தூய்மை செய்துகொள்ள நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்து உண்ணக்கூடியது. மீன்களே ஏமாறும் இவ்வேடத்தை மனிதர் கண்டுபிடிக்க வாயைப் பார்க்க வேண்டும். தூய்மைசெய் மீனின் வாய் முகத்தின் நுனியிலும், போலியின் வாய் சற்றுக் கீழே தள்ளியும் அமைந்துள்ளன.

பதிவு செய்தல்

அலைந்து காணும் முறையில் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் நான்கு வகுப்புகளுள் ஒன்று குறிக்கப்படுகிறது:

ஒன்று - 1 மீன் மட்டும்
சில - 2 முதல் 10 வரை
பல - 11 முதல் 100 வரை
மிகுதி - 100 க்கு மேல்

இவற்றுடன் இடம், நாள், தொடங்கிய நேரம், நீரில் இருந்த நிமிடங்கள், ஆழம், நீரின் வெப்பநிலை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது, வாழிடத்தின் தன்மை (பவளம், மணல், கடற்புல்) ஆகியன எழுதப்படுகின்றன. இவ்விவரங்கள் இல்லாத பட்டியல் பிற பட்டியல்களோடு ஒப்பிட உதவாது.

இம்முறையின் அடிப்படை விதி ஒன்றே: உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். ஐயமுள்ள மீனைக் குடும்பப் பெயரோடு குறித்து, கரையேறிய பின் நூலோடு ஒப்பிடலாம். அப்போதும் தெளியாவிடின் விட்டுவிடுவதே முறை. விடுபட்ட இனம் பட்டியலைச் சற்றுக் குறைக்கும். தவறான இனமோ அம்மீன் அங்கு வாழ்கிறது என்னும் பொய்யைத் தரவுத்தளத்தில் பதித்துவிடும்.

பல கணக்கெடுப்புகள் சேர்ந்தபின் இரு எண்கள் கணிக்கப்படுகின்றன. முதலாவது காணப்பட்ட வீதம், அதாவது மொத்தக் கணக்கெடுப்புகளில் அவ்வினம் தென்பட்டவை எத்தனை விழுக்காடு என்பது. இரண்டாவது அடர்த்திச் சுட்டெண். இதற்கு ஒன்று, சில, பல, மிகுதி ஆகிய வகுப்புகளுக்கு முறையே 1, 2, 3, 4 என மதிப்பிட்டு, இனம் தென்பட்ட கணக்கெடுப்புகளின் சராசரி காணப்படும். எடுத்துக்காட்டாக, 20 கணக்கெடுப்புகளில் 15 இல் ஒரு மீன் தென்பட்டது எனக் கொள்வோம். அவற்றுள் 5 இல் 'ஒன்று', 6 இல் 'சில', 3 இல் 'பல', 1 இல் 'மிகுதி' எனில், காணப்பட்ட வீதம் 75 விழுக்காடு. மதிப்புகளின் கூட்டுத்தொகை 5 + 12 + 9 + 4 = 30. அதை 15 ஆல் வகுக்க அடர்த்திச் சுட்டெண் 2.0 ஆகும். ஒருவரின் ஒரு நாள் பட்டியல் ஏறத்தாழ எதையும் நிறுவுவதில்லை. ஒரே இடத்தில் பலர் பல ஆண்டுகள் எழுதிய பட்டியல்களே பொருளுடையன.

நம்பகத்தன்மை

தன்னார்வலர் தரவை அறிவியல் ஏற்கலாமா என்ற வினா தொடக்கம் முதலே இருந்து வருகிறது. ரீஃப் அமைப்பு இதற்குத் தேர்வுகளை நடத்தி, பங்கேற்போரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. நான்காம், ஐந்தாம் நிலையினர் வல்லுநர் எனக் கொள்ளப்படுகின்றனர். ஆய்வாளர் வேண்டுமானால் அவர்களின் பட்டியல்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். 2008 இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிசுட்டு தளத்தில் வேறு வழி. படத்தைப் பலர் பார்த்து, மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் ஓரினத்தை ஒப்புக்கொண்டால் அப்பதிவு ஆய்வுத்தரம் பெறுகிறது. பெயர்களையும் பரவலையும் சரிபார்க்க 1996 முதல் இணையத்தில் உள்ள ஃபிஷ்பேஸ் தரவுத்தளம் பெரிதும் பயன்படுகிறது.

பயிற்சியால் நீங்காத குறைகளும் உள்ளன. பகலில் மட்டும் நீந்துவதால் இரவில் இரைதேடும் அணில்மீன்கள், கருதினால் மீன்கள் ஆகியவை குறைவாகப் பதிவாகின்றன. விரல் நீளமேயான கோபி, பிளென்னி மீன்கள் பவளப்பாறை மீன்களுள் பெரும்பங்கினவாயினும் பட்டியல்களில் சிறுபங்கே. வேட்டைத் துப்பாக்கியால் மீன் பிடிக்கும் இடங்களில் பெரிய மீன்கள் மனிதரைக் கண்டதும் மறைந்துவிடுவதால், உள்ளதைவிடக் குறைவாக எண்ணப்படுகின்றன.

மேலிருந்து மிதப்பவர் எதைச் சாதிக்கக்கூடும் என்பதற்கு நியூ கலிடோனியாவின் நூமியா நகர் ஓர் எடுத்துக்காட்டு. இது மீனைப் பற்றியதன்று, கடற்பாம்பைப் பற்றியது. நகரின் எலுமிச்சை விரிகுடாவில் வாழும் ஐதரோபிசு மேசர் என்னும் நச்சுப் பாம்பு அங்கு மிக அரிது என ஆய்வாளர்கள் எண்ணியிருந்தனர். மூச்சுக்குழலோடு நீந்தும் வயது முதிர்ந்த பெண்கள் எழுவர் 2017 முதல் அப்பாம்புகளைப் படமெடுக்கத் தொடங்கினர். வாலிலுள்ள குறிகளைக் கொண்டு ஒவ்வொரு பாம்பும் தனித்தனியே அடையாளம் காணப்பட்டது. 2019 இல் ஆய்வு வெளியானபோது 249 தனிப் பாம்புகள் பதிவாகியிருந்தன.

பயன்கள்

இந்தோ-பசிபிக் கடல்களுக்கு உரிய சிங்கமீன் (தீரோயிசு) அட்லாண்டிக்கில் பரவிய கதையில் இக்கணக்கெடுப்புகளின் பங்கு குறிப்பிடத்தக்கது. மீன்காட்சித் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகக் கருதப்படும் இம்மீன், 1985 இல் புளோரிடா அருகே முதலில் பிடிபட்டது. 2000 க்குப் பின் விரைந்து பரவி, 2004 இல் பகாமாசிலும் அதன்பின் கரிபியன் முழுவதிலும் நிலைகொண்டது. பகாமாசில் நடந்து 2008 இல் வெளியான ஒரு பரிசோதனையில், சிங்கமீன் உள்ள சிறு பாறைகளில் புதிதாகச் சேரும் உள்நாட்டு மீன் குஞ்சுகள் ஐந்து வாரத்தில் சராசரியாக 79 விழுக்காடு குறைந்தன. அதன் பரவலை ஆண்டுதோறும் வரைபடத்தில் குறிக்க, நீந்துவோரும் மூழ்குவோரும் அனுப்பிய செய்திகளே பெரிதும் உதவின. 2009 சனவரியில் புளோரிடா கீசுத் தீவுகளில் தென்பட்ட முதல் சிங்கமீன், இத்தகைய செய்தியால் விரைவில் பிடித்து அகற்றப்பட்டது. பரவல் அதனால் நிற்கவில்லை. எனினும் பின்னர் அமைந்த அகற்றும் திட்டங்களுக்கு அவ்வலைப்பின்னலே அடிப்படையாயிற்று.

அமெரிக்க நடுவண் நீர்ப்பரப்பில் 1990 இல் பிடிக்கத் தடை செய்யப்பட்ட பெருங்களவா மீனின் மீட்சியை மதிப்பிடவும் தன்னார்வலர் பட்டியல்கள் பயன்பட்டுள்ளன. பிடிக்கத் தடை உள்ள மீனுக்கு மீன்பிடிப் புள்ளிவிவரம் இருக்காது என்பதால் கண்ணால் கண்ட கணக்கின் மதிப்பு கூடுகிறது. கடல் வெப்பமடைவதால் மீன்கள் துருவத்தை நோக்கி நகர்வதைப் பதிவு செய்ய, 2009 இல் தாசுமேனியாவில் ரெட்மேப் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு கேட்கப்படுவது, வழக்கத்துக்கு மாறாக எந்த மீன் எங்கு தென்பட்டது என்பது மட்டுமே.

தமிழ்ப் பகுதிகளில்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது. அது பாதுகாக்கப்பட்ட பகுதியாதலால் வனத்துறையின் இசைவின்றி அங்கு நீந்த இயலாது. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கு கரையிலிருந்தே பவளப்பாறையை அடையலாம்.

தமிழில் பெயரிடுவது தனிச் சிக்கலாகும். மீனவர் வழக்கில் களவா, விளைமீன், ஓரா, கிளாத்தி, பேத்தை, அஞ்சாலை எனச் செழுமையான சொற்கள் உள்ளன. இவற்றுள் பல ஓரினத்தை அன்றி ஒரு பேரினத்தையோ குடும்பத்தையோ சுட்டுவன. ஊருக்கு ஊர் மாறுவனவும் உண்டு. தமிழகத்தில் ஓரா எனப்படுவது ஈழத்தில் ஒட்டி எனப்படுகிறது. உணவுக்கு உதவாத சிறு வண்ண மீன்களுக்கோ தனிப்பெயர் கிடைப்பது அரிது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் பிரான்சிசு டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலில் பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயர்களையும் குறித்துள்ளார். எனவே பதிவில் அறிவியற் பெயரை முதன்மையாகக் கொண்டு, அவ்வூர்ப் பெயரையும் இடத்தோடு உடன் எழுதுவது நன்று.

பாதுகாப்பு

கணக்கெடுப்பில் ஈடுபட்டவர் தலையைக் குனிந்தபடியே நெடுநேரம் இருப்பதால், நீரோட்டம் இழுத்துச் செல்வதை உணர்வதில்லை. ஆகவே இருவராகச் சேர்ந்து நீந்துவதும், சில நிமிடத்துக்கு ஒருமுறை கரையை நிமிர்ந்து பார்ப்பதும் கட்டாயமாகும். அடியில் உள்ள மீனைக் காண மூச்சடக்கி மூழ்குவோர், முன்னதாக வேகமாகப் பலமுறை மூச்சிழுத்தல் கூடாது. அது மூச்சுவிடும் உந்துதலை அடக்கி, நீருக்குள்ளேயே நினைவிழக்கச் செய்யக்கூடும். பவளத்தின்மீது நிற்பதும் அதைப் பற்றிக்கொள்வதும் அதன் உயிருள்ள மேற்பகுதியைச் சிதைக்கும். கல்மீன், சிங்கமீன் ஆகியவற்றின் முட்கள் நச்சுடையன.

முட்டையிடும் காலத்தில் பெருங்கிளாத்தி (பாலிசுடாய்டெசு விரிடெசென்சு) தன் கூட்டை நெருங்குவோரைக் கடிக்க வரும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவினது என்பதால், நீர்மட்டத்தில் மிதப்பவரும் அதனுள் அகப்படலாம். அப்போது மேல்நோக்கிச் செல்லாமல், மீனைப் பார்த்தபடி கால்துடுப்பை அதற்கு எதிரே நீட்டிப் பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும்.